தொடாமல் எழுதிய கால்

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் பாறசாலைக்கு என் வீடு தேடி வந்து, புதிதாக வார்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பேச்சுவாக்கில் உங்களில் ஒருத்தியின் கையை வாங்கி நான் நாடி பிடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தீர்களோ என்னவோ. நீ பயந்துவிடாதே, உனக்கு ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது, இந்த விரல்கள் இன்னும் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன. பக்கத்து வீட்டு ஆட்கள் உட்கார்ந்து பேசும்போதுகூட என் கண் அவர்கள் பாதத்துக்குத்தான் போகிறது. வேலையை இப்படியா நினைத்துக்கொண்டு கிடப்பது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

எந்த மருந்து எத்தனை சொட்டு என்பதை நான் எழுதப் போவதில்லை. அதை உங்களுக்கு இப்போது கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது என் தப்பு. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இதையா எழுதுவது என்று தோன்றினாலும், என்னிடம் இதைவிட உபயோகமான சரக்கு இல்லை.

முதலில் பாடத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் மகாதமனி, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோலப் புடைத்துக்கொள்ளும். வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் வெடிக்கும் முன்பே வயிற்றைத் திறந்து, புடைத்த இடத்தில் துணியால் செய்த குழாயை வைத்துத் தைப்பார்கள். இப்போது நிறையப் பேருக்குத் தொடையில் சின்னத் துளை போட்டே உள்ளே குழாயை ஏற்றிவிடுகிறார்கள். எப்படிச் செய்தாலும் ஒரு பயம் உண்டு. புடைப்புக்குள் உறைந்து படிந்திருக்கும் ரத்தக் கட்டி கொஞ்சம் பிய்ந்து கீழே போய்க் காலை அடைத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரண்டு பாதத்தையும் தொட்டு, நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, சார்ட்டில் எழுதுகிறோம். ஆபரேஷன் முடிந்ததும் மணிக்கு ஒருமுறை அதே இடத்தைத் தொடுகிறோம். நேற்று இருந்த துடிப்பு இன்று இல்லையென்றால் கூப்பாடு போட வேண்டும். ஆறு மணி நேரம் கோட்டை விட்டால் கால் போய்விடும்.

எங்கள் பெரிய டாக்டர் இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். முந்தின நாள் எந்த நர்ஸ் காலைத் தொட்டாளோ அவளே மறுநாள் தீவிர சிகிச்சை அறையிலும் அந்த நோயாளியைப் பார்க்க வேண்டும். ஒருத்தி விரலுக்குத் தெரிவது இன்னொருத்தி விரலுக்குத் தெரியாது என்பார். ட்யூட்டி பட்டியல் போடுகிறவர்கள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு அந்த விதி பிடிக்கும். நான் தொட்ட கால் என்று ஒரு உரிமை வரும்.

இனி கதைக்கு வருகிறேன். பெயரை மாற்றி ஞானதாஸ் என்று வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர். ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிற வேலை. ஏதோ வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போய் இந்தப் புடைப்பு தெரிந்திருக்கிறது. துணைக்கு அவர் மனைவி லீலா. நகரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாமே மலையாளம்தான். நானும் வழக்கம்போல மலையாளத்தில்தான் அவரிடம் பெயர், வயது, மருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, “அந்த வெள்ள குளிகைக்க பேரு என்ன பிள்ளே? சஞ்சியில உண்டா பாரு,” என்றார். மாத்திரை பைக்குள் இருக்கிறதா என்று எங்கள் ஊர்த் தமிழில் கேட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் கல்யாணம் செய்துகொண்டது கொல்லத்துக்காரரை. வீட்டில் மலையாளம், பிள்ளைகளுக்கு மலையாளம். எல்லையோரத்து எங்கள் ஊர்த் தமிழ்ப் பேச்சு எனக்கு மிஞ்சியிருந்தது அம்மாவோடு போனில் பேசும் கால் மணி நேரத்தில்தான். அம்மா இறந்து அப்போது எட்டு மாதம். எட்டு மாதமாக யாரும் என்னை ‘மக்கா’ என்று கூப்பிடவில்லை. அது இல்லாமல் நான் காய்ந்து போயிருந்தேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“எங்கயாக்கும் உங்களுக்கு வீடு?” என்று கேட்டேன்.

“ஆரியங்கோடு. சிஸ்டருக்கு?”

“பாறசாலையாக்கும்.”

மனுஷர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “கேட்டியா லீலா, பாறசாலக்காரியாக்கும். ஏன் மக்கா, பொறவு எதுக்கு இவ்வளவு நேரமும் மலையாளம் பறஞ்சிட்டு நின்னே?”

“எனக்கக் குஞ்ஞம்மைய ஆரியங்கோட்டுலயாக்கும் கெட்டிக் குடுத்தது,” என்றேன். சித்தியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். எந்த வீடு, எந்த வளைவு, கிணற்றுக்குக் கிழக்கா மேற்கா என்று லீலா துருவித் துருவிக் கேட்டு, சித்தியின் நாத்தனார் வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் மரச்சீனி என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்குக்கு எந்த மீன் சேரும் என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட, நான் நடுவில் தீர்ப்புச் சொல்ல, பக்கத்துக் கட்டில் ஆட்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

இதற்கிடையில் வேலையும் நடந்துகொண்டிருந்தது. வலது பாதத்தைத் தொட்டேன். துடிப்பு நன்றாக இருந்தது. புள்ளி வைத்தேன். இடது பாதத்துக்குக் கை போகும் நேரத்தில் லீலா நெய்யாற்றின்கரைச் சந்தையில் யாரோ மீன்காரியிடம் தான் சண்டை போட்ட கதையைச் சொல்ல, நான் சிரித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டேன். அந்நேரம் பார்த்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன். நாலு மணிக்குள் சார்ட் வேண்டும் என்றார்கள். ஞானதாஸை எங்களிடம் அனுப்பிய வெளி டாக்டரின் கடிதம் ஃபைலில் மேலே இருந்தது. அதில், இடது பாதத்தில் நாடி தெரியவில்லை என்று இருந்தது. பீடி குடிக்கிறவர், வயதானவர், இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே எழுதினேன். இடது: தெரியவில்லை. கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

சாயங்காலம் வந்த ஜூனியர் டாக்டர் என் சார்ட்டைப் பார்த்து அவர் குறிப்பில் அதையே எழுதினார். ஆக மூன்று காகிதம் ஒரே மாதிரிச் சொல்லிற்று. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட அந்தக் காலைத் தொடவில்லை.

மறுநாள் ஆபரேஷன் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடிந்தது. மதியத்துக்கு முன்பே அவர் தீவிர சிகிச்சை அறைக்கு வந்துவிட்டார். மூச்சுக்குழாய் வைத்து மயக்கத்தில் இருந்தார். வலிக்கிறது என்று சொல்ல வாய் இல்லை. வலது காலில் என் புள்ளிக்கு அடியில் துடிப்பு இருந்தது. இடது காலில் இல்லை. பாதம் கொஞ்சம் குளிர்ந்திருந்தது. முன்பே இல்லாததுதானே என்று என் மனசு சொல்லிற்று. நானே எழுதியதை நானே நம்பிவிட்டேன். இந்த வேலையில் இதைவிட மோசமான இடம் கிடையாது.

அடுத்த மணி நேரத்தில் அந்தப் பாதம் வெளிறிவிட்டது. நாடியின் சத்தம் கேட்கிற சின்னக் கருவியை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஜூனியர் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் காலைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார்.

“இது பண்டே இல்லாத்ததல்லே சிஸ்டரே? சிஸ்டர் தன்னெ எழுதியிட்டுண்டல்லோ,” என்றார். முன்பே இல்லாததுதானே, நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். அவர் பேரில் குற்றமே இல்லை. கம்பளி போட்டுச் சூடாக்குங்கள், பெரிய டாக்டர் அடுத்த ஆபரேஷனை முடித்துவிட்டு வரட்டும் என்றார். அந்த ஆபரேஷன் முடிய இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும்.

நான் கம்பளி போடவில்லை. வெளியே போனேன். காத்திருக்கிறவர்களின் நாற்காலியில் லீலா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அண்ணனுக்க இடது காலு எப்பவும் தணுத்துத்தான் இருக்குமா?” என்று கேட்டேன். தணுப்பு என்றால் எங்களுக்குக் குளிர்ச்சி.

“இல்ல மக்கா. ரண்டு காலும் ஒண்ணுபோலத்தான். ஏன் கேக்குதே?”

“நல்லா தெரியுமா உங்களுக்கு?”

“எனக்குத் தெரியாதா? ஈரத்துல நடந்து நடந்து பாதம் எல்லாம் வெடிச்சுப் போவும். தெனமும் எண்ணெ போட்டுத் தடவிக் குடுக்குதது நானாக்கும். பெருவெரலுக்கு மேல இந்த எடத்துல துடிக்கும். ரண்டு காலுலயும் துடிக்கும்.” தன் காலையே நீட்டி இடத்தைக் காட்டினார். நான் தினமும் புள்ளி வைக்கிற அதே இடம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மக்கா ஆச்சு?” என்றார்.

“பாத்துட்டு வாறேன் அக்கா,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

ஜூனியர் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் காலை நேற்று நான் தொடவில்லை, கடிதத்தைப் பார்த்து எழுதினேன் என்றேன். தானும் தொடவில்லை, என் சார்ட்டைப் பார்த்துத்தான் எழுதியதாக அவர் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வேறு வழிகளும் தோன்றின. முதலில் இருந்த துடிப்பு இப்போது இல்லை என்று சார்ட்டில் ஒரு வரியைத் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? கால் சந்தேகமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி அனுப்பலாம். ஆனால் திருத்தின சார்ட்டை எவர் நம்புவார்? சந்தேகம் என்று சொன்னால், பிறகு பார்க்கலாம் என்றுதான் பதில் வரும். எழுதியது பொய் என்று எழுதியவளே சொன்னால் மட்டும்தான் ஒரு டாக்டர் கையில் இருக்கும் வேலையை விட்டு ஆள் அனுப்புவார்.

தியேட்டர் கதவுக்குள் போய் நின்றேன். பெரிய டாக்டரின் இரண்டு கையும் வேறொருவர் வயிற்றுக்குள் இருந்தன. அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“சார், ஞானதாஸின் இடது காலை நேற்று நான் தொடவில்லை. தெரியவில்லை என்று எழுதினேன். துடிப்பு இருந்திருக்கிறது. இப்போது இல்லை.”

அவர் நிமிரவில்லை. மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இன்றைக்குத் தொட்டாயா?”

“தொட்டேன் சார். ஒரு நிமிடம் முழுக்க.”

“சரி,” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டாவது சர்ஜனிடம், கையைக் கழுவிவிட்டு அடுத்த தியேட்டரைத் திறக்கச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவசரத்தில் திட்டுவது நேர விரயம் என்று நினைக்கிற ஆள் அவர். திட்டு எல்லாம் ஒழுங்காக மறுநாள் வந்தது.

அரை மணி நேரத்தில் ஞானதாஸ் மறுபடியும் மேஜையில் இருந்தார். தொடைமடிப்பில் திறந்து, மெல்லிய குழாயை விட்டு இழுத்தபோது விரல் நீளத்துக்கு உறைந்த ரத்தக் கட்டி வந்தது. அறைக்குத் திரும்பினதும் தொட்டுப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெதுவாக, லீலா காட்டின அதே இடத்தில், துடிப்பு வந்தது. பேனாவை எடுத்துப் புள்ளி வைத்தேன். அழுதுகொண்டேதான் வைத்தேன்.

கால் தப்பியது. ஆனாலும் இத்தனை நேரம் ரத்தம் போகாமல் கிடந்ததில் சுண்டு விரலும் அதன் பக்கத்து விரலும் மரத்துப் போயின. ரப்பர் வெட்டுகிறவர் சரிவில் பாதத்தை ஊன்றி நின்றுதான் மரத்தில் கோடு போட வேண்டும். அந்த இரண்டு விரல் சின்ன விஷயம் இல்லை.

மறுநாள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், “அவரிடம் நீயே சொல்ல வேண்டும். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற நாளில் சொல்,” என்றார்.

ஐந்தாம் நாள் அவர் கஞ்சி குடித்தார். அதுவரை, “மக்கா, நம்ம பக்கத்து மரச்சீனி ஒரு துண்டு கெடைக்குமா?” என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். கையால் தொடையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ நாம பேசிட்டு இருந்ததுனாலயாக்கும்,” என்றார்.

“இல்ல அண்ணே. நான் தொடாததுனாலயாக்கும்.”

“நான் அந்த மீன்காரிக் கதைய எடுத்திருக்கக் கூடாது,” என்றார் லீலா. அதைக் கேட்டபோது எனக்கு யாராவது கன்னத்தில் அறைந்தால் தேவலை என்று இருந்தது. என் தப்புக்கு அந்த அம்மாள் தன் பேச்சைக் குற்றம் சொல்லிக்கொண்டார். ஞானதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற நாள் வரை, கேட்டதற்கு ‘உம்’ என்று மட்டும் பதில் சொன்னார்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஆறு மாதம் வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான். அதற்குப் பிறகு எந்த ஊர்க்காரர் வந்தாலும் இரண்டு காலையும் தொட்டு முடிக்கும் வரை நான் வாயைத் திறந்ததில்லை. நீங்கள் நோயாளியோடு பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள். பேசாத நர்ஸிடம் எவரும் வலியைக்கூடச் சொல்ல மாட்டார்கள். முதலில் தொடுங்கள், பிறகு பேசுங்கள், தொட்டதை மட்டும் எழுதுங்கள். இன்னொன்று. தப்பை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகிவிடும், எல்லாரும் தட்டிக் கொடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒத்துக்கொள்ள வேண்டியது காலுக்காக. உங்கள் மனசுக்காக இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு லீவு நாளில், சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறி ஆரியங்கோட்டுக்குப் போனேன். நோயாளி வீட்டுக்குப் போகிற வழக்கம் நமக்குக் கிடையாது. அது தெரிந்துதான் போனேன். அவர் திட்டுவார், திட்டினால் எங்கள் ஊர்த் தமிழில் திட்டுவார் என்று ஒரு ஆசை.

ரப்பர் மரங்களுக்கு நடுவில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வேறொரு ஆள் அவருடைய மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அது நடிப்பு இல்லை.

“லீலா, சிஸ்டர் வந்திருக்குதாக்கும். அந்தக் கசேரய எடுத்துப் போடு,” என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வரணும் சிஸ்டரே. இரிக்கணும்,” என்றார்.

மலையாளத்தில் சொன்னார். முதலில் எனக்கு உறைக்கவில்லை. லீலா ஓடி வந்து, “வா மக்...” என்று ஆரம்பித்தவர், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, “வரணும் சிஸ்டரே,” என்றார். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். கிழங்கும் மீன்கறியும் வைத்தார். அவர்கள் இருவரும் தங்களுக்குள் தமிழ் பேசினார்கள். என்னிடம் மலையாளம் பேசினார்கள். வில்லேஜ் ஆபீசரோ பாங்க் மேனேஜரோ வீட்டுக்கு வந்தால் எப்படிப் பேசுவோமோ அப்படி, ஒரு மரியாதைக் குறைவும் இல்லாமல்.

காலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நான் கேட்டதும் மலையாளமாகத்தான் வந்தது. அவர் பாதத்தை நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து தொட்டேன். துடிப்பு திடமாக இருந்தது. ஒரு நிமிடம் முழுக்க விரலை எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிடமும் அவர் வாய் திறக்கவில்லை, லீலாவும் திறக்கவில்லை. நான் தொட்டு முடிக்கும் வரை பேசக் கூடாது என்று இருவரும் கவனமாக இருந்தார்கள்.

“சிஸ்டர் அன்னு பறஞ்ஞதுகொண்டல்லே எனிக்கு ஈ கால் உள்ளது,” என்றார். நீங்கள் அன்றைக்குச் சொன்னதால்தானே எனக்கு இந்தக் கால் இருக்கிறது என்றார். மனசிலிருந்துதான் சொன்னார்.

வேண்டாம் என்று சொன்னதைக் கேட்காமல் பஸ் நிற்கும் இடம் வரை ஏற்றத்தில் கூடவே நடந்து வந்தார். மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் எங்கும் நிற்கவில்லை. மழை, ரப்பர் விலை எல்லாம் பேசினார், அதுவும் மலையாளத்தில். பஸ் வந்தது. கண்டக்டர் அவருக்குத் தெரிந்த இளைஞன்.

“எலே மக்கா, சிஸ்டர நெய்யாற்றின்கரையில பாத்து எறக்கி விடணும், கேட்டியா?” என்று அவனிடம் சொன்னார். என்னைப் பார்த்து, “சரி சிஸ்டரே, பின்னெ காணாம்,” என்றார்.

பிறகு பார்க்கலாம் என்கிறார். நானும் மலையாளத்திலேயே காணாம் என்றேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பஸ் வளைவில் திரும்பும் வரை அவர் அங்கேயே நின்றார். இரண்டு காலில் நின்றார். எனக்கு அது போதும் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். போதவில்லை பிள்ளைகளே.